ஆறோடு நிற்கும் எண்ணிக்கை

ஏற்றத்துத் துலாவின் மேல் நின்ற அரங்கநாதனின் இடது கால், வைக்க இடம் தெரியாமல் அந்தரத்தில் தொங்கியது. கீழே, கழியில் கட்டிய சால் தண்ணீரில் முங்கி நிறைந்துவிட்டது. இந்நேரம் தம்பி சுப்பராயலு ஏற்றப்பாட்டில் ஓர் அடியை இழுத்து, அதன் வாலில் எண்ணிக்கையைச் சொல்லியிருக்க வேண்டும். அந்த எண் காதில் விழுந்தால்தான் இவர் பின்னால் நடப்பார். துலாவின் வால் இறங்கும், சால் மேலேறும். அப்பா காலத்திலிருந்து கால்களுக்கு அதுதான் உத்தரவு. அன்று எண் வரவில்லை. கிணற்றின் வாயில் கழியைப் பிடித்து நின்ற தம்பியின் தொண்டையிலிருந்து, சளி பிடித்தவன் மூக்கால் பேசுவதுபோல் வேறு என்னவோ வந்தது.

"ழெ பினி."

கைப்பிடி மூங்கிலை எட்டிப் பிடித்திராவிட்டால் அரங்கநாதன் நேராகக் கிணற்றுக்குள் போயிருப்பார். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் தம்பியின் முகம் சரியாகத் தெரியவில்லை. என்னடா அது என்று கேட்டார். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்றான் அவன், கழியை விடாமல்.

"ஏத்தத்துலயாடா படிக்கிறது?"

"வேற நேரம் ஏது அண்ணே?"

பொழுது புலருமுன் கிணற்று முறை. அது முடிந்தால் கரும்புக்கு மண் அணைப்பது, நவரை நெல்லுக்கு மடை பார்ப்பது, மாடு, வைக்கோல், மதகடிப்பட்டுச் சந்தை. பொழுது சாய்ந்த பிறகு விளக்கருகில் புத்தகத்தைத் திறப்பான். திறந்த பக்கத்தின் மேலேயே முகம் கவிழ்ந்துவிடும். கன்னத்துக்கு அடியிலிருந்து புத்தகத்தை உருவி எடுத்து வைப்பது அண்ணி காசம்மாளின் வேலை. எச்சில் பட்ட எழுத்தை முந்தானையால் ஒற்றிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போவாள். இப்படிப் படித்தால் எந்தத் துரை வேலை கொடுப்பான் என்று அவளும் இவரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறாள். வேலை கொடுப்பது தன் கையில் இல்லை என்று இவரும் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

முறை முடிந்து பூவரச மரத்தடியில் கூழ் குடிக்கும்போது சுப்பராயலு விளக்கினான். பிரான்சு பாஷையில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சொல் உண்டு. யார் செய்கிறார் என்பதைப் பொறுத்து அந்தச் சொல்லின் வால் மாறும். மாற்றி மாற்றித் தடுக்காமல் சொல்ல வேண்டும். இன்றைக்குச் சொன்னது முடிப்பது என்கிற சொல். நான் முடிக்கிறேன், நீ முடிக்கிறாய், அவன் முடிக்கிறான், நாம் முடிக்கிறோம், நீங்கள் முடிக்கிறீர்கள், அவர்கள் முடிக்கிறார்கள்.

அரங்கநாதன் கலயத்தைக் கீழே வைத்துவிட்டு வாய்க்காலைப் பார்த்தார். இவ்வளவு நேரம் இறைத்தும் தண்ணீர் பாதி வயலைத்தான் தொட்டிருந்தது.

"இத்தினி பேரு முடிச்சும் வேல முடியலியேடா" என்றார்.

தம்பி சிரித்தான். சிரிக்கும்போதே கொட்டாவியும் வந்தது.

அவன் போன வருஷம் ஒருமுறை புதுச்சேரிக்குப் போய்த் தோற்று வந்தவன். சைகோன் சர்க்கார் கச்சேரிகளுக்குக் குமாஸ்தா எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனான். எழுதுவதெல்லாம் எழுதிவிட்டான். பிறகு ஒவ்வொருவராக அழைத்து நிற்கவைத்து வாயால் கேட்டார்கள். நின்ற இடத்தில் படித்ததெல்லாம் பறந்துவிட்டது. எழுதினால் வருகிறது, வாயைத் திறந்தால் வரமாட்டேன் என்கிறது என்று அன்று வந்து சொன்னபோது, மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த அரங்கநாதன் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தியிருந்தால் அவர் முகத்தில் இருந்ததைத் தம்பி பார்த்திருப்பான்.

அவருக்கு அன்று நிம்மதியாக இருந்தது. இதை யாரிடமும் சொல்ல முடியாது. அப்பா போன பிறகு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவனை வில்லியனூர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர் அவர்தான். சைகோனுக்குப் போன குடும்பம் ஒன்று அதே தெருவில் ஓட்டு வீடு கட்டி, கதவுக்குப் பச்சை வர்ணம் அடித்திருப்பதைப் பார்த்து ஆசைப்பட்டவரும் அவர்தான். ஆனால் ஆசைப்பட்டபோது முட்டி வலி கிடையாது. இப்போது துலாவில் ஏறினால் இரண்டு முட்டியும் தனித்தனியாக முனகுகின்றன. பிள்ளை குட்டி இல்லாத வீடு. மேலே மிதிக்க ஒருவர், கீழே கழி பிடிக்க ஒருவர். அந்த வீட்டில் ஆம்பிளை என்று இருப்பது சரியாக அவ்வளவுதான். முறைக்கு ஏற்றம் பூட்ட முடியாத வீட்டின் தண்ணீர் கிணற்றின் மற்றப் பங்குக்காரருக்குப் போய்விடும். தம்பி கப்பல் ஏறினால் நவரை கருகும், கரும்பு கருகும், பிறகு இன்னொருவன் நிலத்தில் கூலிக்கு நிற்க வேண்டும். தம்பி தேற வேண்டும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டு, தேறிவிடப் போகிறானே என்று பயந்துகொண்டு, அந்த மனுஷன் தினமும் துலாவில் ஏறி இறங்கினார்.

கால்கள் அதை முதலில் கற்றுக்கொண்டன. பிரான்சு பாஷையின் நடை ஏற்றப்பாட்டின் நடை அல்ல. முதல் மூன்றும் ஒரே அளவாக, ழெ பினி, துய் பினி, இல் பினி என்று வெடுக்வெடுக்கென்று வரும். நாலாவது இழுக்கும். நூ பினிசோன். ஐந்தாவதும் இழுக்கும். ஆறாவது பழையபடி கட்டையாய் முடியும். முதல் வாரம் நாலாவதில் எல்லாம் அரங்கநாதன் அவசரப்பட்டுத் திரும்பி, நிறையாத சாலை மேலே தூக்கினார். பிறகு நாலிலும் ஐந்திலும் ஒரு மூச்சு கூடுதலாக நிற்கக் கால்கள் பழகிவிட்டன. சொல் என்ன, பொருள் என்ன என்று மண்டைக்கு ஒன்றும் ஏறவில்லை. அவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை. முடிப்பது போய், கொடுப்பது வந்தது. கொடுப்பது போய், பேசுவது வந்தது. நேற்று செய்ததற்கு ஒரு வால், நாளைக்குச் செய்யப்போவதற்கு ஒரு வால் என்று பாடம் பெருத்துக்கொண்டே போனது. வேலை செய்கிறவனை விட்டுவிட்டு வேலைக்கு இத்தனை வேஷம் கட்டுகிற பாஷையை அவர் அதுவரை பார்த்ததில்லை.

எண்ணிக்கையை அவர் மனசுக்குள் எண்ணினார். வாய்விட்டு எண்ணாமல் இறைத்தால் களவு என்பது அந்தக் கிணற்றின் வழக்கம். கிணறு இவர்கள் வீட்டுக்கும் பக்கத்து நிலத்துப் பக்கிரிசாமிக்கும் பொது. ஒரு நாள் இவர்கள், மறுநாள் அவர். நாளுக்கு இத்தனை சால் என்று இரண்டு வீட்டுத் தகப்பன்மாரும் பேசிவைத்தது. இன்றைக்கு இவர்கள் கூட இறைத்தால் நாளைக்கு அவருக்கு ஊற்று குறையும். அதனால் பாட்டோடு சேர்த்து எண்ணிக்கையை உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் தன் நிலத்தில் குனிந்து களை எடுத்துக்கொண்டே அதைக் காதில் வாங்கிக்கொள்வார். சாட்சி, கையெழுத்து எதுவும் வேண்டாம். தொண்டைதான் சாட்சி. அரங்கநாதனுக்கு மனக்கணக்கில் நம்பிக்கை இல்லை. நடுவில் கரும்பு ஞாபகமோ காசம்மாள் ஞாபகமோ வந்தால் எண் நழுவிவிடும். நழுவியது என்று சந்தேகம் வந்தால் ஒரு பத்துச் சால் முன்னாலேயே ஏற்றத்தை நிறுத்திவிடுவார். அப்படி நிறுத்தியதில் அவருடைய நெல்தான் காய்ந்தது. அதைப் பக்கிரிசாமி எங்கே கண்டார்?

பக்கிரிசாமி கண்டது தன் கேழ்வரகு வாடுவதைத்தான். அந்தச் சித்திரையில் ஊற்றே சுருங்கிவிட்டது. மனுஷன் நாலைந்து முறை பொறுத்தார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒருநாள் களைக்கொட்டை அப்படியே போட்டுவிட்டு நேராகச் சிவப்பிரகாசத்திடம் போய்விட்டார்.

சிவப்பிரகாசம் ஊரில் நிலபுலன் உள்ளவர். பிரான்சு சர்க்காரின் கொம்யூன் சபையில் அங்கத்தினர். சபைக்குப் போகும்போது மட்டும் கோட்டுப் போடுவார். அன்று கிணற்றடிக்கு வந்தபோதும் அதைப் போட்டுக்கொண்டு வந்தார். பிரான்சு பாஷை சம்பந்தப்பட்ட வழக்கு என்று பக்கிரிசாமி சொல்லியிருந்ததுதான் காரணம். பூவரச மரத்தடியில் அவர் உட்கார, செல்லிப்பட்டுக்குப் போகிற வழியில் நின்ற நாலு பேரும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

பக்கிரிசாமி கோபக்காரர்தான், ஆனால் அன்று அவர் குரலில் கோபத்தைவிட ஆற்றாமைதான் இருந்தது. இந்தப் பையன் தமிழ் எண்ணிக்கையை விட்டுவிட்டான், சர்க்கார் பாஷையில் எண்ண ஆரம்பித்துவிட்டான், தனக்குப் புரியாது என்கிற தைரியம் என்றார். புரியாவிட்டாலும் தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்ததாகச் சொன்னார்.

"ஆறு வரிக்கும் எண்ணுறான். அப்பறம் திரும்பியும் மொதல்லேருந்து வர்றான். ஆறுக்கு மேல வெள்ளக்காரன்கிட்ட எண்ணிக்கையே இல்லியா? எத்தினி சாலு எறச்சாலும் ஆறுதானா?"

உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். சிவப்பிரகாசம் சிரிக்கவில்லை. அவருக்குச் சபையில் பிரான்சு பாஷையில் நடப்பதில் பாதி புரியாது. அது வெளியே தெரிந்துவிடக் கூடாது. சர்க்கார் பாஷையில் எண்ணுவது குற்றம் என்று தாம் சொல்ல முடியாது என்று பட்டும் படாமலும் ஆரம்பித்தார். அப்போது சுப்பராயலு எழுந்து, அது எண்ணிக்கையே அல்ல, பரீட்சைப் பாடம் என்று உள்ளதைச் சொன்னான். சொன்ன பிறகுதான் வழக்கு இன்னும் கெட்டுவிட்டது என்று அவனுக்கே தெரிந்தது.

"அப்ப எண்ணவே இல்லியா?" என்றார் பக்கிரிசாமி.

அரங்கநாதன் தான் மனசில் எண்ணியதைச் சொன்னார். சந்தேகம் வந்த நாளில் முன்னாலேயே நிறுத்தியதையும் சொன்னார். சொல்லும்போதே அது எவ்வளவு வலுவற்றது என்று அவர் காதுக்கே கேட்டது.

"மனசுல எண்ணுனத எவன் மாப்ள கேட்டான்? ஒங்கப்பன் தொண்டை கட்டிக்கினு காய்ச்சலா இருந்தப்பகூட வாயால எண்ணிட்டுத்தான் எறச்சான்."

அது நிஜம். சிவப்பிரகாசத்துக்கும் இப்போது வழி தெளிந்துவிட்டது. பிரான்சு பாஷையைத் தொடாமலேயே தீர்ப்புச் சொல்லலாம். எண்ணிக்கை வாய்விட்டுக் கேட்க வேண்டும், அதுதான் கிணற்று வழக்கம். பையன் பாடத்தை வேறு எங்காவது வைத்துக்கொள்ளட்டும். இப்படிச் சொல்லிவிட்டு அரங்கநாதனைப் பார்த்து, என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும். கிணற்றடியில் பாடம் நின்றால் வேறு இடத்தில் பாடம் கிடையாது. ஆனி மாதம் புதுச்சேரியில் போய் நிற்கும்போது அவன் வாய் போன வருஷம்போல அடைத்துக்கொள்ளும். தம்பி வயலோடு இருப்பான். நெல் பிழைக்கும். இவர் ஒரு பாவமும் செய்ததாக ஆகாது. ஊர் சொன்னது, வழக்கம் சொன்னது, இவர் என்ன செய்வார்? மாதக்கணக்காக அவர் பிள்ளையாரிடம் கேட்கக் கூசிய வரம், கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்திருந்தது.

சுப்பராயலு அண்ணனைப் பார்க்கவில்லை. கெஞ்சும் பார்வை பார்த்திருந்தால்கூட அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கழி உரசி உரசிக் காய்த்து, காய்ப்பின் மேல் வெடித்து, வெடிப்பில் மண் ஏறியிருந்தது. அந்தக் கையால்தான் போன வருஷம் பேனா பிடித்து எழுதினான். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது போலிருந்தது. தீர்ப்பை ஒத்துக்கொண்டுவிட்ட ஆள்போல, மெல்ல, விரலால் மண்ணைக் கிளறி எடுத்துக்கொண்டிருந்தான். அந்தக் களைப்பை அரங்கநாதனால் பார்க்க முடியவில்லை. அது தன் களைப்பு. தன் முகத்தில் இருக்க வேண்டியது. இத்தனை சின்ன வயசில் அது அங்கே எப்படிப் போய் உட்கார்ந்தது?

"எண்ணிக்கைய நான் சொல்றேன்" என்றார். "மேலேருந்து. அவன் அவனோடதச் சொல்லட்டும்."

மிதிக்கிறவன் பாடுவது எந்த ஊரிலும் கிடையாது. மிதிக்கிறவனுக்கு மூச்சு காலுக்கே பற்றாது. அதனால்தான் பாட்டு கீழே நிற்பவனுடையது. பக்கிரிசாமிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"நாக்கு தள்ளிப் பூடும் மாப்ள."

"போவட்டும் மாமா. எண்ணிக்க கேட்டா சரிதான ஒனுக்கு?"

பக்கிரிசாமி களைக்கொட்டை எடுக்கத் தன் கொல்லைக்குத் திரும்பினார். சிவப்பிரகாசம் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். விஷயம் பிரான்சு சர்க்காருக்குப் போகாமல் முடிந்ததில் அவருக்குப் பெரிய நிம்மதி.

அதன் பிறகு அந்தக் கிணற்றில் இரண்டு குரல் கேட்டது. கீழே ஒருவன் பிரான்சு பாஷையில் யார் யார் என்னென்ன செய்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பான். மேலே ஒருவர் எண்ணிக்கொண்டிருப்பார். வழியில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். முதல் நாள் முடிந்து இறங்கியபோது அரங்கநாதனுக்குக் கண் இருட்டியது. பூவரச மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். நெஞ்சுக்கூட்டில் கரண்டியால் சுரண்டுவதுபோல் வலி. வீட்டில் காசம்மாள் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே திட்டினாள். ஊர் உலகத்தில் இல்லாத கூத்து, அவன் சைகோனுக்குப் போகிறான், நீங்கள் சுடுகாட்டுக்குப் போங்கள் என்றாள். பிறகு அவளே, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று தணிந்த குரலில் கேட்டாள். சரி என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்குமே. அவளுக்கும் அந்த ஆசை இருந்திருக்கிறது என்று அரங்கநாதனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தார். அவள் கை நிற்காமல் தேய்த்துக்கொண்டே இருந்தது.

வைகாசி முழுவதும் அப்படியே போயிற்று. ஒரு நாள் விடியற்காலையில் முப்பதைத் தாண்டிக்கொண்டிருக்கும்போது அவருக்கு இருமல் வந்துவிட்டது. கால் நிற்கவில்லை, சால் ஏறி இறங்கியது, கீழே தம்பி ஐந்தாவதை வூ என்று இழுத்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. எண் போய்விட்டது, இன்றைக்கு மறுபடி பஞ்சாயத்துதான் என்று நினைத்தபோது, கேழ்வரகுக் கொல்லையிலிருந்து ஒரு குரல், மாட்டை அதட்டுவதுபோலக் கடுகடுப்பாக, வந்தது.

"முப்பத்தியேழு."

அரங்கநாதன் திரும்பிப் பார்த்தார். பக்கிரிசாமி குனிந்தபடி களை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அடுத்த எண்ணை அரங்கநாதன் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் எப்போதாவது இவர் குரல் கம்மினால், விட்ட எண் கொல்லையிலிருந்து வந்து சேர்ந்தது.

பரீட்சை நாள் இவர்களுடைய முறையிலேயே வந்து விழுந்தது. சுப்பராயலு, தெருவில் ஒருவரிடம் இரவல் வாங்கிய கோட்டைக் கையில் மடித்து எடுத்துக்கொண்டு, வில்லியனூரில் ரயில் ஏற இருட்டிலேயே நடந்துவிட்டான். கழியைக் காசம்மாள் பிடித்தாள். அவளே பிடிக்கிறேன் என்றாள். முறையை விட்டுவிட அவளுக்கு மனசில்லை. கழி அவளைவிட இரண்டு ஆள் உயரம். சால் கிணற்றுச் சுவரில் இடித்து இடித்துப் பாதி கொட்டிக்கொண்டு மேலே வந்தது. வாய்க்காலில் ஓடிய தண்ணீரைவிட அவள் புடவையில் ஓடியது அதிகம். அவள் பாடவில்லை. ஒவ்வொரு சாலுக்கும் பல்லைக் கடிக்கிற சத்தம் மட்டும் மேலே வரை வந்தது. கொட்டினாலும் சால் சால்தான் என்பது வழக்கம். அரங்கநாதன் ஒவ்வொன்றையும் எண்ணினார். அந்தக் காலையில் அவர் பார்த்தது இனிமேல் வரப்போகிற எல்லாக் காலையையும்தான்.

பக்கிரிசாமி வரப்புவரை வந்து நின்று பார்த்தார். வெகுநேரம் நின்றார்.

"சிந்தினதெல்லாம் எண்ணாத மாப்ள" என்றார் கடைசியில். "கேக்கவே சங்கடமா கீது." சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் சுப்பராயலு வந்தான். நேராக மாட்டுத் தொட்டிக்குப் போய்க் காலைக் கழுவினான். கோட்டு அழுக்காகாமல் அப்படியே மடித்த மடிப்பாக இருந்தது; போட்டுக்கொண்டானோ இல்லையோ. அரங்கநாதன் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்காமலே அவன் சொன்னான்.

"நின்னேன் அண்ணே. போன வருசம் மாதிரியே. ஒண்ணும் வர்ல. கையி சும்மா இருந்தா வாயி வரமாட்டேங்குது."

அரங்கநாதன் வைக்கோலைக் கீழே போட்டார்.

"அப்பறம்?"

"குனிஞ்சேன்."

எப்படி என்று அவன் காட்டினான். மாட்டுத் தொட்டியின் பக்கத்தில், ஒன்றும் இல்லாத காற்றில், இரண்டு கையையும் நீட்டிக் கழியைப் பிடித்து, குனிந்து இறக்கி, சால் நிறைகிற அளவு பொறுத்து, மேலே விட்டான். பரீட்சைத் துரையின் மேசைக்கு முன்னாலும் அப்படித்தான் செய்திருக்கிறான். கேட்டது மடமடவென்று வந்ததாம். அதோடு நிற்காமல் கேட்காததும் வந்ததாம். எழுதுகிற குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவன் என்ன செய்கிறான் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அவர் தமிழர், பார்த்த உடனே தெரிந்துவிட்டது. தண்ணீர் இறைக்கிறான் என்று எடுத்துச் சொன்னார். துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நிறுத்து என்று சொல்லாமல், பார்த்துக்கொண்டே இருந்தாராம். நிறுத்தச் சொல்லும்வரை இறைத்தேன் என்றான் சுப்பராயலு.

"எடுத்துக்கினாங்களா?"

"எடுத்துக்கினாங்க. மழைக்கு முன்ன கப்பலு."

அதைச் சொன்ன குரலில் சந்தோஷம் இருந்ததா என்று அரங்கநாதனுக்குத் தெரியவில்லை. நாளெல்லாம் அலைந்தவன் குரல் அது. தனக்கு என்ன இருந்தது என்பதும் அவருக்குத் தெரியவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. ஜெயித்தது தானே என்பதுபோல நெஞ்சு விம்மியது. அதே நெஞ்சில் அந்தக் கரண்டி மறுபடி சுரண்ட ஆரம்பித்தது. வாசலில் காசம்மாள், துணி சுற்றிய உள்ளங்கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

"சாப்டியாடா?" என்றார்.

சாப்பிடவில்லை என்றான்.

மறுமுறைக்கு இரண்டு பேரும் வழக்கம்போல இருட்டோடு கிணற்றுக்குப் போனார்கள். அரங்கநாதன் துலாவில் ஏறிக் கைப்பிடி மூங்கிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சுப்பராயலு கழியைப் பிடித்துக் கிணற்றின் வாயில் நின்று, தொண்டையைச் செருமி, பிள்ளையாரில் ஆரம்பித்தான். பழைய பாட்டு. பழைய எண்ணிக்கை. பரீட்சை முடிந்துவிட்டது, அண்ணன் இனி மேலே நின்று கத்த வேண்டாம் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். குரல் கணீரென்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அப்பாதான். இந்தப் பாட்டுக்காகத்தான் இத்தனை மாதமாக அவர் ஏங்கினார். மூச்சு மிச்சம். நெஞ்சுக்கு ஓய்வு.

ஒண்ணு, ரெண்டு, மூணு என்று கால்கள் போயின. நாலில் இடறின. நாலு இழுக்கும் என்று நம்பி நின்ற கால்களுக்கு அடியில் துலா எழும்பிவிட்டது. சால் அரையோடு மேலே வந்து, சுவரில் இடித்துச் சிந்தியது. அரங்கநாதன் மூங்கிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொங்குவதுபோல நின்றார். தம்பி கழியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். இன்னா அண்ணே என்று கேட்டான்.

வெளுக்கத் தொடங்கியிருந்தது. மேலேயிருந்து பார்க்க அவன் முகம் சின்னதாக இருந்தது. மழைக்கு இன்னும் எத்தனை முறை இருக்கிறது என்று அரங்கநாதன் எண்ணப் பார்த்தார்; உடனே எண்ணாமல் விட்டுவிட்டார்.

"அத்தயே சொல்லுடா" என்றார்.

"பரிச்ச முடிஞ்சிட்டுதே அண்ணே."

"பரவால்ல. நீ அத்தயே சொல்லு. எண்ணிக்க நான் பாத்துக்கறேன்."

சுப்பராயலு முகத்தைக் கீழே திருப்பி, தோளால் ஒருமுறை துடைத்துக்கொண்டு, கழியை இறக்கினான். கிணற்றின் அடியில் சால் தண்ணீரைத் தொட்டு, சாய்ந்து, முங்கியது. ழெ பினி என்று அவன் குரல் கம்மிக்கொண்டு வந்தது. அரங்கநாதன் எண்ணைச் சொல்ல வாயைத் திறந்தார். எண் வரவில்லை. கால்கள் மட்டும் பின்னால் நடந்தன. துலாவின் வால் இறங்கியது. இருட்டிலிருந்து சால் தளும்பத் தளும்ப மேலே வந்துகொண்டிருந்தபோது, கேழ்வரகுக் கொல்லையில் யாரோ இடுப்பை நிமிர்த்தி நின்று, முன்னே இறைத்ததைக் கணக்கில் சேர்க்காமல், உரக்க, ஒண்ணு என்றார்.